ஒரு நாள் ஒரு வேலை: ஓட்டு மேல சூரியன்!

போன வாரம் உக்கடம் மீன் மார்க்கெட்ல ஐஸ் உடைச்சு விறைச்சுப்போன கை இன்னும் முழுசா சரியாகல. அதுக்குள்ள ஆபீஸ்ல இருந்து போன். "ஏம்மா, உயரம்னா உனக்குப் பயமா?" "சேச்சே, அதெல்லாம் இல்ல சார்"னு கெத்தா சொல்லிட்டேன். அப்பட்டமான பொய்! எங்க காலேஜ் மூணாவது மாடி வராண்டாவுல நின்னு கீழ எட்டிப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும்.

அப்படிப்பட்ட என்னை, புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா, காலைல ஆறே முக்காலுக்கு, காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல ஓட்டு வீட்டுக் கூரை மேல ஏத்திட்டாங்க. இந்த வார வேலை, சாய்வுக் கூரையில சோலார் பேனல் மாட்டுறது!

காந்திபுரத்துல ஓட்டு வீடான்னு கேக்காதீங்க. நமக்குத் தெரிஞ்ச காந்திபுரம்னா பஸ் ஸ்டாண்ட், நகைக்கடை, மேம்பாலம், சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம். ஆனா மெயின் ரோட்டை விட்டு ரெண்டு சந்து உள்ள போய்ப் பாருங்க. நாலு மாடி லாட்ஜுக்கும் செல்போன் சர்வீஸ் கடைக்கும் நடுவுல, திண்ணையோட ஒரு பழைய வீடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். இதுவும் அப்படி ஒண்ணு. எழுபது வருஷத்துக்கு முந்தி கட்டினதாம். உள்ள ஒரே ஒரு பாட்டி. பையன் பெங்களூர்ல. கரன்ட் பில் மிச்சமாகட்டும்னு அம்மாவுக்காக அவர்தான் பேனல் போட்டுக் கொடுத்திருக்கார். 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச 'பி.எம். சூர்ய கர்' திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருதில்ல, அந்தக் கணக்குல.

அப்ப ஏற்கெனவே பேனல் இருக்கே, புதுசா என்ன மாட்டப் போறோம்?

அதாங்க மேட்டரு. இந்த ஆடியில ஒரு நாள் மத்தியானம், அந்த ஆறு பேனல்ல ஒண்ணு கிளம்பிடுச்சு. தனியாப் போகல, ரெண்டு இரும்புக் கால், நாலடி நீள ரீப்பர், பன்னெண்டு ஓடு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிருக்கு. முழுசா விழல. வயர்ல மாட்டி, சந்துக்கு மேல தொங்கியிருக்கு. கீழ டியூஷன் பசங்க சைக்கிள் நிறுத்துற இடம். நல்ல வேளை, அன்னிக்கு டியூஷன் நாலரைக்குத்தான். மாட்டிக் கொடுத்த ஆளுங்க ரெண்டு நாள் கழிச்சு வந்து, மொத்தத்தையும் இறக்கித் திண்ணையில சாய்ச்சு வெச்சுட்டு, அதுக்கப்புறம் போனே எடுக்கலையாம்.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க கண்ணு. இது பறக்காதா"ன்னு பாட்டி சாதாரணமாச் சொல்லுச்சு. எனக்குத்தான் தொண்டை காஞ்சு போச்சு. 

நான் போன டீம் அந்தப் பழைய ஆளுங்க இல்ல. வேற டீம். குட்டியானை வண்டியில நாலு பேர் வந்து இறங்கினாங்க. லீடர் அண்ணனுக்கு நாப்பது வயசு இருக்கும். முந்தி மில்லுல ஃபிட்டரா இருந்தவர். கூட வந்த தம்பிகள்ல ஒருத்தர் 'சூர்யமித்ரா' முடிச்சவர். தேசிய சூரிய சக்தி நிறுவனம் 2015ல இருந்து நடத்துற 600 மணி நேரப் பயிற்சி அது. பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படிச்சவங்க சேர்றாங்க.

அண்ணன் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "ஏனுங் அம்மணி, என்ன படிக்கறீங்க?" "மெக்கானிக்கல், மூணாவது வருஷமுங்ணா." "அப்ப காத்தைப் பத்தி எங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

அய்யய்யோ! எனக்கு இருக்கிற ஒரே ஒரு அரியர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ங்க!

மேல ஏறுறதுக்கு முன்னாடியே அரை மணி நேரம் ஓடிருச்சு. எதிர்ப்பக்கம் இருந்த கான்கிரீட் தூண்ல கயிறைக் கட்டி, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விட்டாங்க. அதுல நம்ம இடுப்பு பெல்ட்டோட கொக்கி. ஏணியோட மேல்முனையில கோணிச் சாக்கு சுத்தி ஓட்டு மேல சாய்ச்சாங்க. அப்புறம் எனக்குக் கால் வைக்கிற பாடம். மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உட்கார்ற இடத்துல மட்டும்தான் மிதிக்கணும். அங்கதான் அடியில ரீப்பர் இருக்கும். ஓட்டோட நடு வயித்துல மிதிச்சா, டிக்! அவ்வளவுதான்.

"ஓடு உடைஞ்சா உடனே சொல்லிரோணும். ஒளிக்கப் புடாது"ன்னார் அண்ணன். சரிங்ணான்னு தலையாட்டினேன். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க ஃப்ரெண்ட்ஸ்.

மேல போய் உட்கார்ந்ததும் முதல் வேலை போஸ்ட்மார்ட்டம். பழைய ஆளுங்க செஞ்சது என்னன்னு பார்த்தோம். வீட்டோட முகடு வடக்கு-தெற்கா ஓடுது. அப்ப கூரைச் சாய்வு ரெண்டும் கிழக்கு, மேற்கு. ஆனா "சோலார்னா தெற்கு பார்க்கணும்"ங்கிற பாட்டை யாரோ மனப்பாடம் பண்ணியிருக்காங்க. அதனால மேற்குச் சாய்வு மேல ஒன்றரை அடி இரும்புக் கால் நட்டு, பேனலைத் தூக்கித் தெற்கே திருப்பி வெச்சிருக்காங்க. பாய்மரக் கப்பல் தோத்துரும்!

இங்க ஒரு சின்ன ஜியாகிரபி. கோயம்புத்தூர் இருக்கிறது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில. ஏப்ரல் மூணாவது வாரம் வாக்குல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வருது. அதுக்கப்புறம் ஆகஸ்ட் நாலாவது வாரம் வரைக்கும், மத்தியானத்துல நமக்கு வடக்கேதான் இருக்கு. அதாவது வருஷத்துல நாலு மாசம் 'தெற்கு பார்' விதிக்கே இங்க அர்த்தமில்லை. டெல்லிக்காரங்களுக்குத் தெற்குச் சாய்வு ரொம்ப முக்கியம். ஜெர்மனிக்காரங்களுக்கு அதைவிட முக்கியம். நமக்கு? கிழக்குச் சாய்விலேயோ மேற்குச் சாய்விலேயோ ஓட்டோட ஓட்டா படுக்க வெச்சா கொஞ்சம் யூனிட் குறையும். அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டுத்தான் ஆடிக்காத்துக்கு வழி விட்டிருக்காங்க.

காத்துன்னா சும்மா காத்து இல்லைங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய கணவாய் இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அதுல நுழைஞ்சு நம்ம பக்கம்தான் வருது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாடி சும்மாவா நட்டாங்க? அந்தக் காத்துக்கு நேர் எதிர்ல, மேற்குச் சாய்வில, அடியில ஒன்றரை அடி சந்து விட்டு ஆறு பலகை!

இப்ப கூரைக்கு உள்ள வாங்க. ஓட்டு வீட்டுக் கூரை எப்படி நிக்குதுன்னு நான் அன்னிக்குத்தான் ஒழுங்காப் பார்த்தேன். முகட்டுல இருந்து சுவர் வரைக்கும் சாய்வா இறங்குற தடி மரம், கைமரம். இங்க ரெண்டடிக்கு ஒண்ணு. அதுக்குக் குறுக்கே, ஒரு இன்ச் தடிமன்ல வரிசையா அடிச்ச மெல்லிசுச் சட்டம், ரீப்பர். ரீப்பர்ல ஓடு தொங்குது. ஆமா, தொங்குது! மங்களூர் ஓட்டோட முதுகுல ரெண்டு மூக்கு இருக்கும். அது ரீப்பரைப் பிடிச்சுக்கும். ஆணி கிடையாது, சிமென்ட் கிடையாது. தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கு. 1865ல மங்களூர்ல ஜார்ஜ் பிளெப்ஸ்ட்ங்கிற பாசல் மிஷன்காரர் இந்த ஓட்டுக்கு ஃபேக்டரி போட்டார். அன்னையில இருந்து இதே டெக்னிக்தான்.

பழைய ஆளுங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஓட்டுக்கு மேலயே துளை போட்டு, ஸ்க்ரூவை ரீப்பருக்குள்ள இறக்கியிருக்காங்க. கைமரத்துக்குப் போகவே இல்ல. துளையைச் சுத்தி சிலிக்கான் பசை. வெயில்ல அது காஞ்சு, தூசு படிஞ்ச ஓட்டுல இருந்து பொருக்கு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. மழைக்கு ஒழுகினது அந்த வழியாத்தான்.

நான் ஒரு இன்ஜினியர் மூஞ்சியை வெச்சுக்கிட்டு, "ரீப்பர் பேனல் வெயிட்டைத் தாங்காதுல்லங்ணா"ன்னேன். அண்ணன் சிரிச்சார். "வெயிட்டா? ஆறு பேனலும் சேர்ந்து 170 கிலோதானுங். இந்த ஓடு மட்டும் எத்தனை கிலோ இருக்கும்னு நினைக்கறீங்க? ரீப்பர் எத்தனை வேணா சுமக்கும். அதை மேல இழுத்தா?"

அந்தக் கேள்வியில நான் அப்படியே நின்னுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. எழுபது வருஷமா அந்த ரீப்பருக்கு இருந்த ஒரே வேலை, கீழ அழுத்துற பாரத்தைத் தாங்கறது. ஒரு சதுர மீட்டர் ஓடே 40 கிலோவுக்கு மேல. அத்தனையும் ரீப்பரைக் கைமரத்தோட சேர்த்து அழுத்திக்கிட்டே இருக்கு. அதனால ரீப்பரைப் பிடிக்க ஒரு குட்டி ஆணி போதும். அது நழுவாம இருந்தாச் சரி. யாராவது ஒரு நாள் அதை மேல் பக்கமா பிடுங்குவாங்கன்னு அன்னிக்கு ஆணி அடிச்சவருக்குத் தோணவே இல்ல. ஏன் தோணணும்?

டீ பிரேக்ல (கூரை மேலயே, பாட்டி கூடையில கட்டி மேல அனுப்புச்சு!) நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அரியர் வெச்சவதான், ஆனா இந்த ஃபார்முலா மட்டும் எப்படியோ மண்டையில இருக்கு. காத்தோட அழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர், விடை சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன். நம்ம ஊர்க் கட்டடங்களுக்கான காத்து விதி ஐ.எஸ். 875, மூணாவது பகுதி. அதுல கோயம்புத்தூருக்குப் போட்டிருக்கிற அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர்! தினமும் அடிக்கிற காத்து இல்ல. ஐம்பது வருஷத்துல ஒரு தடவை, மூணு விநாடி வீசக்கூடிய வீச்சு. சென்னைக்கு இதே புத்தகத்துல 50 மீட்டர்.

39ஐப் போட்டா சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ வருது. இந்தப் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 அகலம். பெருக்கினா, ஒரு பேனலைக் காத்து தூக்குற விசை 240 கிலோ. பேனலோட எடை? 28!

ரொம்ப ஓவரா இருக்கேன்னு, சாதாரண ஆடிக்காத்துக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 55 கிலோமீட்டர்னு வெச்சா 37 கிலோ. அதுவே பேனல் எடையைவிட ஜாஸ்தி. அதாவது போல்ட் இல்லாம சும்மா வெச்சா, வருஷா வருஷம் பறக்கும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. இதைத்தான் எங்க சார் மூணாவது செமஸ்டர்ல போர்டுல எழுதினார். நான் அப்போ கடைசி பெஞ்சுல பேப்பர்ல ராக்கெட் விட்டுக்கிட்டு இருந்தேன்.

(கணக்கு வாத்தியார்கள் கோபப்பட வேண்டாம். கூரையோட ஒட்டிப் படுத்த பேனல்ல, நடுவுல இருக்கிறதுக்கு இந்த விசை நல்லாவே குறையும். முகட்டுகிட்டயும் ஓரத்துலயும் கூடும். ஓரம் எவ்வளவு மோசம்னா, அங்கதான் நம்ம ஆடிப் பேனல் பிய்ஞ்சது.)

அண்ணன்கிட்ட நோட்டைக் காட்டினேன். "240ங்களா? நான் இருநூறு, இருநூத்தம்பதுன்னு மனசுல வெச்சிருந்தேன்"ன்னார். எப்படிங்ணா? "பத்து வருஷமா பிய்ஞ்சதை எல்லாம் போய்ப் பார்க்கறனுங்."

சரி, மாட்டுற கதைக்கு வருவோம். இந்த வேலையோட உயிரு ஒரு கொக்கியிலதான் இருக்கு. ரூஃப் ஹூக். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளங்கை அளவு அடித்தட்டு, அதுல இருந்து வளைஞ்சு வெளிய வர்ற கை. பக்கவாட்டுல பார்த்தா தூங்குற கேள்விக்குறி மாதிரி இருக்கும். 1990ல ஜெர்மனியில 'ஆயிரம் கூரைத் திட்டம்'னு ஆரம்பிச்சு வீட்டுக் கூரைகள்ல பேனல் ஏத்தினாங்க. அங்க சாய்வான ஓட்டுக் கூரைதான் ஜாஸ்தி. ஓட்டுல துளையே போடாம மாட்டுற இந்த வகைக் கொக்கியெல்லாம் அங்க ரொம்ப சாதாரணம். நம்ம ஊர்ல எல்லாம் மொட்டை மாடி. அதனால நிறைய டீமுக்கு இது பழக்கமே இல்ல.

முதல்ல ஓட்டை மேல தள்ளணும். உடைக்க வேண்டாம், மேல் வரிசைக்கு அடியில அப்படியே வழுக்கி ஏறிக்கும். இப்ப கைமரம் தெரியும். தம்பி ஸ்க்ரூ டிரைவரோட பிடியால தட்டித் தட்டிக் கேட்டார். 'டங்'னா நல்ல மரம். 'டப்'னா உள்ள கரையான். அப்புறம் 5 மில்லிமீட்டர்ல முதல் துளை. அதுக்குள்ள 8 மில்லிமீட்டர் தடிமன், நாலு இன்ச் நீள ஸ்க்ரூ. கொக்கிக்கு ரெண்டு. நேரா ஸ்க்ரூவை முறுக்கினா பழைய மரம் பிளந்துரும்.

அடுத்துதான் நுணுக்கம். கொக்கியோட கை, கீழ் ஓட்டோட பள்ளத்து வழியா வெளிய வரணும், ஆனா அந்த ஓட்டைத் தொடக் கூடாது. அரை சென்டிமீட்டராவது இடைவெளி வேணும். பேனல் மேல பாரம் வரும்போது கொக்கி கொஞ்சம் வளையும். ஓட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தா அதை உடைச்சுட்டுத்தான் வளையும். கடைசியா, மேல தள்ளின ஓட்டைத் திரும்ப இறக்கறப்ப அது கொக்கி மேல தூக்கிக்கிட்டு நிக்கும். அதனால அதோட அடி உதட்டை கிரைண்டர்ல ஒரு துளி தேய்ச்சு, பழையபடி படிய வைக்கணும். படியலைன்னா அந்தச் சந்துல காத்தும் மழையும் ஜம்முனு உள்ள வரும். ஒரு கொக்கிக்குக் கால் மணி நேரம். மொத்தம் பதினாலு கொக்கி. நான் எத்தனை மாட்டினேன்னு கேக்காதீங்க. சரி... ரெண்டு. அதுல ஒண்ணை அண்ணன் கழட்டித் திரும்ப மாட்டினார்.

இதுக்கு நடுவுலதான் பெரிய பஞ்சாயத்து. மேற்குச் சாய்வுல கைமரத்தைத் தட்டிப் பார்த்தா, பதினோரு மரத்துல அஞ்சு 'டப்'. சுவர் பக்க முனையெல்லாம் கரையான். ஒழுகின தண்ணி வேற இறங்கியிருக்கு. அண்ணன் ஒரே வார்த்தைல "ஆகாதுங்"ன்னுட்டார். கிழக்குச் சாய்வு மரமெல்லாம் கல்லு மாதிரி. ஆனா அந்தப் பக்கம் லாட்ஜ் கட்டடம் நிக்குது. காலைல ஒம்பதரை வரைக்கும் நிழல். பெங்களூர்ல இருந்து பையன் வீடியோ கால்ல வந்துட்டார். "அண்ணா, ஏற்கெனவே ஒரு தடவை காசு போச்சு. நிழல்ல மாட்டினா எத்தனை யூனிட் போகும்? மேற்குலயே மரத்துக்கு முட்டுக் கொடுத்து மாட்ட முடியாதா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்னு பொதுவாச் சொல்லுவாங்க. மூணு கிலோவாட்டுக்குப் பன்னெண்டு. நிழலால அதுல ஒரு பங்கு தினமும் போகும், இருபத்தஞ்சு வருஷத்துக்கு. அண்ணனுக்கும் நஷ்டம். முட்டு, மரம் மாத்துறதுன்னு இழுத்துப் போட்டா கூடுதல் பில் போடலாமே! அவர் சொன்னது இவ்வளவுதான்: "மரத்தை மாத்திட்டுக் கூப்பிடுங்க, மேற்குல மாட்டித் தர்றேன். இந்த மரத்துல என் கையால ஸ்க்ரூ போட மாட்டேன் தம்பி."

போன்ல சித்த நேரம் சத்தமே இல்ல. பாட்டிதான் கீழ இருந்து குரல் கொடுத்துச்சு. "கிழக்காலயே போடுங்க சாமி. சந்துல புள்ளைங்க சைக்கிள் நிக்குது." பையன் "சரிம்மா"ன்னு வெச்சுட்டார்.

கிழக்குன்னா காத்து வராதுன்னு நான் சந்தோஷப்பட்டேன். அதுவும் தப்பாம். மேற்கே இருந்து வர்ற காத்து முகட்டைத் தாண்டினதும் இந்தப் பக்கம் ஒரு உறிஞ்சல் உண்டாகும். மழையில குடை திடீர்னு மேல் பக்கமா திரும்பிக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. அதனால முகட்டுல இருந்து ஒரு அடி, ஓரங்கள்ல இருந்து ஒரு அடி தள்ளியே பேனல். நான் போட்ட கணக்குல, மோசமான காத்துல ஆறு பேனலுக்கும் சேர்த்து 1,440 கிலோ. பதினாலு கொக்கிக்குப் பிரிச்சா, ஆளுக்கு நூறு கிலோ சொச்சம். நல்ல தேக்குல ரெண்டு ஸ்க்ரூ இதைத் தாங்கும். ஒரு இன்ச் ரீப்பரும் குட்டி ஆணியும் தாங்காது.

கொக்கி முடிஞ்சா மத்தது வேகம். கொக்கி மேல அலுமினியம் ரயில், ரெண்டு வரிசை, ஒவ்வொண்ணும் ஏழு மீட்டர். நூல் பிடிச்சு மட்டம் பார்த்தாங்க. ரயில் ரெண்டு துண்டு. சேர்ற இடத்துல ஒரு விரல் இடைவெளி விட்டாங்க. அளவு தப்பாப் போச்சுன்னு நினைச்சேன். இல்லையாம். ராத்திரி குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தா, ஏழு மீட்டர் அலுமினியம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல நீளும். இடம் விடலைன்னா கொக்கியைத்தான் நெம்பும். தெர்மல் எக்ஸ்பேன்ஷன்ல நான் எடுத்த மார்க்கை இங்க சொல்ல விரும்பல.

பேனலுக்கும் ஓட்டுக்கும் நடுவுல நாலு, அஞ்சு இன்ச் சந்து இருந்தது. காத்து தூக்கும்னு பயந்தா அதையும் அடைச்சுடலாமேன்னு கேட்டேன். சூர்யமித்ரா தம்பி சொன்னார்: பேனல் சூடானா கரன்ட் குறையும். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் வாக்குல போகும். சித்திரை வெயில்ல பேனல் 60, 65 டிகிரிக்குப் போயிரும். அடியில காத்து ஓடினாத்தான் கொஞ்சம் ஆறும். அப்ப சந்தும் வேணும், அது பெருசாவும் இருக்கக் கூடாது.

ஒரு விஷயத்துல மட்டும் அண்ணன் என்னைக் கிட்டவே விடல. வயரிங். வெயில் பட்டா பேனல்ல கரன்ட் வந்துக்கிட்டே இருக்கும், அதுக்கு சுவிட்சே கிடையாது. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணினாலும் கூரை மேல வயர்ல உயிர் இருக்கும். ஆறு பேனல் வரிசையாச் சேர்ந்தா 300 வோல்ட் வரைக்கும் டி.சி. ஆடியில அந்தப் பேனல் வயர்ல தொங்கினப்ப, யாராவது எட்டிப் பிடிச்சிருந்தா? நினைச்சாலே பக்குனு இருக்கு. அதனால தார்ப்பாயால மூடித்தான் கனெக்ஷன் கொடுத்தாங்க. ஃபிரேம், ரயில் எல்லாத்தையும் இணைச்சு எர்த் வயர் இறக்கினாங்க. செம்பு வயரை அலுமினியத்துல நேராத் தொடவிட மாட்டாங்க, அரிச்சுடும். நடுவுல வெள்ளீயம் பூசின லக்.

நாலரை மணிக்கு எல்லாம் முடிஞ்சுது. தூரத்துல மேம்பாலத்துல பஸ்ஸுங்க ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு உயரப் பயமே போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டே ஏணிப் பக்கம் திரும்பினேன். அவசரத்துல இடது கால் எங்க போச்சுன்னு பார்க்கல.

டிக்.

சின்னச் சத்தம். குனிஞ்சு பார்த்தேன். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியல. அண்ணன் கீழ சாமான் ஏத்திக்கிட்டு இருந்தார். எல்லாரும் காலைல இருந்து சரியாச் சாப்பிடல. 'ஒண்ணும் ஆகியிருக்காது'ன்னு எனக்கு நானே சொல்லிட்டு இறங்கிட்டேன்.

கெரகம், ஆறு மணிக்கு மழை! அதுவும் இடி மின்னலோட. டீம் திண்ணையில ஒதுங்கி நின்னோம். அண்ணன் மட்டும் டார்ச்சை எடுத்துக்கிட்டு உள்ள போய், கிழக்குப் பக்கம் கொக்கி இருக்கிற இடமெல்லாம் அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொண்ணா. பதினாலும் காய்ஞ்சு கிடந்துச்சு. தம்பிங்க கைதட்டினாங்க. அப்பத்தான் ஒரு சொட்டு. ஏணி இருந்த மூலைக்கு நேரா, பாட்டியோட ரேஷன் அரிசி மூட்டை மேல.

எனக்குப் பொக்குனு போச்சு. பாட்டி ஒண்ணும் சொல்லாம மூட்டையை இழுத்துட்டு, ஒரு கிண்ணியை வெச்சுச்சு. நான்தாங்ணா மிதிச்சேன்னு சொன்னேன். "எப்போ?" "இறங்கறப்போ. சத்தம் கேட்டுச்சு." அண்ணன் திட்டியிருந்தாக் கூட பரவாயில்ல. "அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நிமிச வேலை. இனி ஈர ஓட்டுல யாரும் ஏற முடியாது"ன்னார், அவ்வளவுதான். ராத்திரி பூரா கிண்ணியில சொட்டிக்கிட்டே இருந்திருக்கும். ஹாஸ்டல்ல எனக்குத் தூக்கமே வரல.

ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் போய் நின்னேன். அண்ணனும் வந்திருந்தார். ஆடியில விழுந்த பன்னெண்டுல உடையாமப் பிழைச்ச மூணு ஓட்டைப் பாட்டி அட்டாலியில வெச்சிருந்துச்சு. உள்ள இருந்தே மாத்தலாமாம். நாற்காலி மேல ஏறி, மேல் வரிசையை உள்ளங்கையால தள்ளித் தூக்கி, விரிஞ்ச ஓட்டை உருவி இறக்கணும். புது ஓட்டைச் சாய்ச்சு மேல விட்டு, மூக்கு ரெண்டும் ரீப்பரைப் பிடிக்கிற வரைக்கும் மெல்ல இறக்கணும். அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். மூணு தடவை தப்பாப் போச்சு. கண்ணுக்குள்ள எழுபது வருஷத் தூசி. நாலாவது தடவை 'டக்'னு உட்கார்ந்துச்சு.

"அதை இப்படிக் குடு கண்ணு"ன்னு பாட்டி உடைஞ்ச ஓட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துச்சு. முதுகுல அச்சடிச்ச இங்கிலீஷ் எழுத்து பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. திண்ணையோரத் துளசித் தொட்டிக்கு அண்டை கொடுக்க ஆகும்னு எடுத்துட்டுப் போயிருச்சு.

அடுத்த வாரம்... ராத்திரி மூணு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட். தூங்குமூஞ்சிகள் கூட வரலாம்!